வேலிக்கு இந்தப் பக்கம் அடுப்பு

உயர்தரப் புவியியலில் சவன்னாவைப் பற்றி ஒரு பகுதி வரும். மழைக்காலம் ஒன்று, வறண்ட காலம் ஒன்று, உயர்ந்த புல், இடையிடையே மரங்கள் என்று எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். தென்னாபிரிக்காவின் வடகிழக்கிலுள்ள சவன்னாவை அந்நாட்டவர் 'புஷ்வெல்ட்' என்பார்கள். புதர் நிறைந்த வெளி என்பது அதன் பொருள். அங்கே குடும்பமாகப் போய், ஹோட்டல் சாப்பாட்டை எதிர்பாராமல், தாங்களே சமைத்துச் சாப்பிட்டுச் சில நாட்கள் தங்கி வருவது தென்னாபிரிக்கர்களுக்கு நெடுநாள் வழக்கம். அப்படித் தங்குபவர்கள் பகல் இரவெல்லாம் என்னதான் செய்கிறார்கள்?

இதற்குப் பெயர்போன இடம் குரூகர் தேசியப் பூங்கா. 1926ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட இதன் பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீற்றர். நமது யால சுமார் 980 சதுர கிலோமீற்றர்தான். இருபது யாலக்கள் அதனுள் அடங்கும்! இரண்டுக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. தென்னாபிரிக்கப் போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட போயர் கைதிகளில் ஒருவரான எங்கல்பிரெக்ட் என்பவர்தான் பின்னர் யாலவின் முதல் வனவிலங்குக் காவலரானார்.

குரூகருக்குள் ஸ்குகுசா, லோவர் சாபி, சத்தாரா, லெத்தாபா முதலிய தங்கும் முகாம்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேலி சூழ்ந்த சிறு கிராமம் போன்றது. புல் வேய்ந்த வட்டக் குடிசைகளை 'ரொண்டாவல்' என்பார்கள். பெரும்பாலானவற்றில் கட்டில், படுக்கை விரிப்பு, குளிர்சாதனப் பெட்டி, மின்னடுப்பு, சட்டி, கோப்பை எல்லாம் இருக்கும். சமையலறை அநேகமாக வெளி விறாந்தையில்தான். முற்றத்தில் விறகு மூட்டி இறைச்சி சுட ஓர் அடுப்பு. பொழுது விடியும்போது முகாமின் வாயில் திறக்கும். பொழுது சாயும்போது மூடும். நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். பிந்தி வந்தால் தண்டம் கட்ட வேண்டியதுதான். இரவில் சுதந்திரமாக நடமாடுவது விலங்குகள். வேலிக்குள்ளே அடைபட்டிருப்பது மனிதர்கள்.

வாயில் திறந்ததும் சொந்த வாகனத்திலோ வாடகைக் காரிலோ புறப்படலாம். அங்கும் நம்மைப் போல வீதியின் இடப்பக்கமே ஓட்டுவதால் வாப்பாமாருக்குச் சிரமமிராது. தார் வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், மண் வீதியில் 40. அதற்கு மேல் ஓடக்கூடாது. அனுமதிக்கப்பட்ட இடங்கள் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்கவும் கூடாது. சிங்கத்தைத் தேடி நாள் முழுக்க ஓடுவதைவிட, ஒரு நீர்நிலையின் ஓரமாக இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பதே மேல் என்பது என் எண்ணம். லோவர் சாபி முகாமுக்கு அருகே சன்செட் என்றொரு குளம் இருக்கிறது. நீர்யானைகளும் முதலைகளும் வீதியோரத்திலிருந்தே தெரியும். ஸ்குகுசாவுக்குப் பக்கத்தில் லேக் பானிக் என்ற நீர்நிலையில், பறவைகள் நம்மைக் காணாதபடி மறைந்திருந்து பார்க்க ஒரு மரக்கொட்டிலே கட்டியிருக்கிறார்கள். பூங்காவில் 500க்கும் மேற்பட்ட பறவையினங்கள் உண்டு. அவற்றுள் சாம்பல் நிறப் பறவையொன்று 'போ, போ' என்று ஆங்கிலத்தில் விரட்டுவதுபோலக் கத்துமாம். அதன் ஆங்கிலப் பெயரே அந்தக் கத்தலிலிருந்து வந்ததுதான்.

காலைச் சாப்பாட்டுக்கு முகாமுக்குத் திரும்ப வேண்டுமென்பதில்லை. வழியில் இளைப்பாறும் இடங்கள் உண்டு. பலவற்றில் எரிவாயு அடுப்பை வாடகைக்குத் தருவார்கள். முட்டையும் தக்காளியும் கொண்டுபோனால் மரநிழலில் பொரித்துச் சாப்பிடலாம். மதிய வெயிலில் விலங்குகளும் நிழலில் படுத்துவிடும். நாமும் முகாமில் படுத்துவிடலாம். தூக்கம் வராதவர்கள் மண்ணில் கால்தடம் பார்க்கப் பழகலாம். சிங்கமும் சிறுத்தையும் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் தடத்தில் நகக்குறி விழாது. கழுதைப்புலியின் தடத்தில் விழும். வேலிக்கு வெளியே நடக்க விரும்புகிறவர்களை ஆயுதம் தாங்கிய வழிகாட்டிகள் அதிகாலையில் அழைத்துப் போகிறார்கள். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை. ஆகவே தம்பி, தங்கையுடன் யாராவது ஒருவர் முகாமில் நிற்கத்தான் வேண்டும்.

யார் நிற்பது என்று கேட்டால் நம் வீடுகளில் பதில் தெரிந்ததே. உம்மா நிற்பார். 'நாமே சமைக்கும் விடுமுறை' என்று விளம்பரத்தில் படிக்கும்போது அந்த 'நாம்' யார் என்பதை யோசிக்க வேண்டும். நுவரெலியாவுக்குப் போனாலும் அநேகம் உம்மாமார் பார்ப்பது வாடகை வீட்டுக் குசினியைத்தான். இதில் மட்டும் தென்னாபிரிக்கர்களிடம் கற்றுக்கொள்ளலாம். அங்கே தீயில் இறைச்சி சுடுவதை 'பிராய்' என்பார்கள். வழக்கமாக அது ஆண்களின் வேலை. விறகு அடுக்குவதும், தணல் ஆகும்வரை காத்திருப்பதும், இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு பெருமையோடு நிற்பதும் வாப்பாமாரும் நானாமாரும்தான். (சலாது வெட்டுவது அங்கும் பெண்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) புறப்படுமுன் ஒரு தாளில் எந்த நாள் யார் சமைப்பது, யார் கழுவுவது என்று எழுதிக்கொண்டால், உம்மாவும் ஒரு காலையாவது யானையைப் பார்ப்பார்.

பிராயில் சுடுவதற்குச் சுருள்சுருளான 'பூர்வோர்ஸ்' என்ற மசாலா இறைச்சி பெயர்பெற்றது. கூடவே 'பாப்' என்று வெள்ளைச் சோளமாவில் கிண்டிய களி. ஆனால் சந்தையில் கிடைக்கும் பூர்வோர்ஸ் சிலவற்றில் பன்றியிறைச்சியும் கலந்திருக்கும். முகாம் கடையில் கண்டதை வாங்கிவிடாமல், ஜொஹன்னஸ்பேர்க் போன்ற நகரங்களில் ஹலால் சான்றிதழுள்ள இறைச்சியை வாங்கிக் குளிர்ப்பெட்டியில் கொண்டுபோவது நல்லது. தென்னாபிரிக்காவில் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழ்வதால் ஹலால் பூர்வோர்ஸும் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய அடுப்புக் கம்பியில் முன்பு எதைச் சுட்டார்களோ தெரியாது என்று தயங்குபவர்கள் சொந்தமாக ஒரு கம்பி வலையைக் கொண்டுபோகலாம். இன்னுமொன்று: இங்கே நாம் மேற்கை ஒட்டி நின்று தொழுகிறோம்; குரூகரில் கிப்லா ஏறக்குறைய வடக்கே.

சாப்பாட்டு விஷயத்தில் அங்குள்ள மிகக் கண்டிப்பான விதி, விலங்குகளுக்கு எதையும் கொடுக்காதே என்பது. விறாந்தைக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்துப்போகுமளவுக்குப் பபூன் குரங்குகள் கெட்டித்தனமானவை. அதனால் பல இடங்களில் பெட்டியின் கதவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்கள், அல்லது கம்பிக்கூட்டுக்குள் வைப்பார்கள். இதெல்லாம் வேடிக்கையாகத் தெரியும். ஆனால் மனிதர் கையில் ஒருமுறை சாப்பிட்டுப் பழகிய குரங்கு, அடுத்த குடும்பத்துப் பிள்ளையின் கையிலிருந்து பறிக்கும், கொடுக்காவிட்டால் கடிக்கும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டி வரும். வேலியோரம் எலும்புக்கு வந்து நிற்கும் கழுதைப்புலிக்கும் இதே கதிதான். பாண் துண்டொன்றை எறிந்தவர் படம் எடுத்துக்கொண்டு அடுத்த நாளே ஊர் போய்விடுவார். யால வீதியில் வாகனங்களை மறிக்கும் யானைக்குப் பழம் நீட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

இரவில் தீ அணையும்போது நட்சத்திரங்களைப் பார்க்கலாம். நகர வெளிச்சம் இல்லாததால் பால்வீதி தெளிவாகத் தெரியும். தென்னாபிரிக்காவில் சாணவண்டுகளை ஆராய்ந்தவர்கள், அவை இரவில் சாண உருண்டையை நேர்கோட்டில் உருட்டிச் செல்லப் பால்வீதியின் ஒளியைப் பயன்படுத்துகின்றன என்று 2013இல் எழுதினார்கள். கையில் டோர்ச் இல்லாமல் வெளியே நடக்கவேண்டாம். காலையில் சப்பாத்தைத் தட்டிவிட்டு அணியுங்கள். தேள்கள் உண்டு.

நேரமிருப்பவர்கள் வடக்கே பாஃபுரி வரை போக வேண்டும். பெருக்கு மரங்களும் காய்ச்சல் மரங்கள் எனப்படும் மஞ்சள்பச்சைத் தண்டு மரங்களும் நிறைந்த அப்பகுதி மக்குலேக்கே மக்களின் ஊர். 1969இல் அரசாங்கம் அவர்களை வெளியேற்றி அந்நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. வெளியேற்றம் என்ற சொல்லை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இனவொதுக்கல் ஆட்சி முடிந்தபின் வழக்காடி, 1998இல் நிலத்தின் உரிமையை மீட்டார்கள். மீட்டபின் அங்கே குடியேறாமல், அதைக் காடாகவே வைத்து, உல்லாசப் பயணத்தின் வருமானத்தைத் தங்கள் சமூகத்துக்கு எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். 'மனிதரில்லா ஆபிரிக்கக் காடு' என்று தொலைக்காட்சியில் காட்டும்போது இவர்களை நினைக்க வேண்டியிருக்கிறது.

எப்போது போவது? நமது ஓகஸ்ட் விடுமுறை அங்கே வறண்ட குளிர்காலம். புல் தாழ்ந்து, இலை உதிர்ந்து, விலங்குகள் நீர்நிலைகளில் கூடும். இரவில் கம்பளிச் சட்டை வேண்டும். டிசம்பரில் போனால் மழையும் வெக்கையும். பச்சைப் புதருக்குள் விலங்குகளைக் காண்பது கடினம். ஆனால் இம்பாலா மான்கள் குட்டி போட்டிருக்கும், தூர தேசத்துப் பறவைகள் வந்திருக்கும். நுளம்புகளும் இருக்கும்.

நுளம்பை இலேசாக எண்ணிவிட முடியாது. குரூகர் மலேரியாப் பிரதேசம். இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. அதனால் நம்மில் பலர் அந்த நோயையே மறந்துவிட்டோம். பயணத்துக்கு முன்பே வைத்தியரைக் கண்டு தடுப்பு மாத்திரை எடுக்க வேண்டும். திரும்பிய பின்னும் சொல்லப்பட்ட நாள்வரை அதை விழுங்க வேண்டும். வந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ காய்ச்சல் கண்டால் டெங்கு என்று நாமே முடிவு கட்டாமல், ஆபிரிக்கா போய் வந்ததை வைத்தியரிடம் முதலில் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும்.