உள்ளூர் ஆசிரியர்களுக்கான இணையவழித் துணைக்குழு

ஒரு வட்டாரத்தில் பணிபுரியும் ஆசிரியர்கள், வகுப்பறையில் தாங்கள் சந்திக்கும் இடர்ப்பாடுகளை ஒருவரையொருவர் கேட்டுத் தெளியவும், கற்பித்தல் பொருள்களைப் பகிர்ந்துகொள்ளவும் இணையத்தின் வழியே அமைத்துக்கொள்ளும் குழு ஆசிரியர் துணைக்குழு எனப்படும். அரசு நடத்தும் பணியிடைப் பயிற்சியிலிருந்தும், ஊதியம், பணிமாறுதல் முதலிய கோரிக்கைகளுக்காக இயங்கும் சங்கங்களிலிருந்தும் இது வேறானது. "இந்தப் பாடம் என் வகுப்பில் ஏறவில்லை, என்ன செய்யலாம்?" என்று ஓர் ஆசிரியர் கூச்சமின்றிக் கேட்க முடிவதே இதன் அடிப்படை. அந்தக் கூச்சம் நீங்காத குழுவில் நூற்றுக்கணக்கானோர் இருந்தாலும் பயன் குறைவு.

பின்னணி

ஆசிரியர்கள் ஒன்றுகூடிக் கற்பது இணையத்துக்கு முன்பே இருந்த வழக்கம். அருகருகே உள்ள பள்ளிகள் ஒன்றுக்கொன்று உதவும் பள்ளி வளாக முறையைக் கோத்தாரி கல்விக்குழு (1964–66) பரிந்துரைத்தது. 1994-இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும், பின்னர் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கமும் வட்டார வள மையங்களையும், அவற்றின் கீழ்க் குறுவள மையங்களையும் உருவாக்கின. தமிழ்நாட்டில் குறுவள மையக் கூட்டமே பல ஆசிரியர்கள் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைச் சந்திக்கும் முதன்மையான வாய்ப்பாக உள்ளது.

மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், மாதந்தோறும் நடந்த ஆசிரியர் கூட்டம் முக்கிய இடம் பெற்றது. செய்து பார்த்த சோதனைகளில் எது சரிவரவில்லை என்பதை ஆசிரியர்கள் அங்கே பேசினர். அத்திட்டம் 2002-இல் நிறுத்தப்படும் வரை இந்தக் கூட்டங்களே அதற்கு உயிரூட்டின. சென்னையில் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் இத்தகையதே. ஆசிரியர்கள் ரிஷிவேலிப் பள்ளியின் முறையைக் கண்டறிந்து, கற்றல் அட்டைகளைத் தாங்களே கூடி உருவாக்கினர்.

இணையத்தின் வருகை

நாடு முழுவதற்குமான தீக்ஷா தளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப் எனும் புலனம் ஆசிரியர்களின் அன்றாடக் கருவியாயிற்று. 1 முதல் 8 வரையான வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன.

இவற்றால் பாடப்பொருளுக்குப் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் இவை பெரும்பாலும் மேலிருந்து ஆசிரியருக்கு வருபவை. அலுவல் சார்ந்த புலனக் குழுக்களிலும் சுற்றறிக்கை, செயல்முறைகள், எமிஸ் பதிவேற்ற நினைவூட்டல், படிவம் ஆகியவையே நிறைகின்றன. உயர் அலுவலர் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவில் "என் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்று யாரும் எழுதமாட்டார்கள். அப்படி எழுதினால் அது குறைபாட்டு அறிக்கையாகிவிடுமோ என்ற அச்சம் எழும். துணைக்குழு தனியாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

தாம்பரம் வட்டாரத்தின் சூழல்

காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து 2019-இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரம் உள்ளது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இணைந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அதைச் சுற்றிப் புனித தோமையார் மலை, காட்டாங்கொளத்தூர் ஒன்றியங்களின் ஊராட்சிகள் உள்ளன.

இப்பகுதியில் அரசுப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி, சி.பி.எஸ்.இ. பள்ளி எனப் பல வகைப் பள்ளிகள் ஒரே தெருவில்கூட இருக்கும். ஆயினும் குறுவள மையக் கூட்டம் பெரும்பாலும் அரசு, உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கே உரியது. தனியார் பள்ளியில் முதல் ஆண்டு வேலை பார்க்கும் இளம் ஆசிரியைக்கு, பக்கத்துப் பள்ளியில் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியரின் பெயர்கூடத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்புவதில் இணையக் குழுவுக்குத் தனிப் பயன் உண்டு.

குழுவை அமைத்தல்

புலனக் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் துணைக்குழுவுக்கு 20 முதல் 40 பேர் போதும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொடங்குபவர்கள் பின்வருவனவற்றைக் கருதலாம்.

1. ஒரு பாடம் அல்லது ஒரு வகுப்புநிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுதல். காட்டாக, 4, 5ஆம் வகுப்புக் கணக்கு.
2. முதல் கூட்டத்தை நேரில் நடத்துதல். பின்னர் இரு மாதத்துக்கு ஒருமுறையேனும் சந்தித்தல்.
3. நிர்வாகிகளாக வெவ்வேறு வகைப் பள்ளிகளிலிருந்து இருவரையோ மூவரையோ அமர்த்தி, ஆண்டுதோறும் மாற்றுதல்.
4. வாரத்துக்கு ஒரு கேள்வியை மட்டும் பொதுவில் எடுத்துப் பேசுதல்.
5. காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, அரசியல், விற்பனை ஆகியவற்றைத் தவிர்த்தல். இரவு 9 மணிக்குமேல் செய்தி அனுப்பாதிருத்தல்.
6. பெயர் சொல்லத் தயங்குபவர், தம் கேள்வியை நிர்வாகி வழியாகக் கேட்க இடமளித்தல்.

புலனத்தில் வரும் நல்ல விடைகள் சில நாளில் கீழே போய்விடும். அவற்றைக் கூகுள் டிரைவ் போன்ற பொது இடத்தில் வகுப்பு, பாடம், அலகு வாரியாகச் சேமித்தால் அடுத்த ஆண்டு சேருபவருக்கும் உதவும்.

கேள்வி கேட்கும் முறை

"கணக்கில் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள்" என்ற கேள்விக்கு அறிவுரைதான் கிடைக்கும். "612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் 102-க்குப் பதில் 12 என்று எழுதுகிறார்கள்" என்றால் வழி கிடைக்கும். ஒருவர், பத்துகளின் இடத்தில் 1-ஐ 6-ஆல் வகுக்க முடியாதபோது ஈவில் சுழியம் இட வேண்டும் என்பதை நூறு, பத்து, ஒன்று கட்டுகளைக் கொண்டு காட்டலாம் என்பார். இன்னொருவர், 600-இல் எத்தனை 6 உண்டு என்று முதலில் மதிப்பிடச் சொல்லலாம் என்பார். விடை நூறுக்கு மேல் வர வேண்டும் என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

தென்சென்னைப் புறநகருக்கே உரிய கேள்விகளும் உண்டு. கட்டடப் பணிக்காக வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இங்குள்ள வகுப்புகளில் படிக்கின்றனர். இந்தி எழுத்து முறையில் 'க' வரிசைக்கு நான்கு தனி எழுத்துகள் உண்டு. தமிழில் 'கல்', 'தங்கம்' இரண்டிலும் ஒரே எழுத்து. எ, ஏ என்ற குறில் நெடில் வேறுபாட்டுக்கும் இந்தியில் தனி எழுத்துகள் இல்லை. இவற்றை அறிந்த ஆசிரியர், அப்பிள்ளையின் பிழையைக் கவனக்குறைவு என்று கொள்ளமாட்டார். ஒருவர் கண்டறிந்த இத்தகைய செய்தி மற்றவர்களின் வகுப்புகளுக்கும் உடனே பயன்படும்.

காக்க வேண்டியவை

மாணவரின் பெயர், ஒளிப்படம், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைக் குழுவில் இடலாகாது. "ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒருவர்" என்பதே போதும். இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023) 18 வயதுக்குட்பட்டோர் அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது.

பாலியல் துன்புறுத்தல் பற்றி ஆசிரியருக்குத் தெரியவந்தால் அது குழுவில் பேசத்தக்க செய்தி அல்ல. போக்சோ சட்டப்படி (2012) காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். தனியார் வழிகாட்டி நூல்களை நகலெடுத்துப் பகிர்வதும், சக ஆசிரியர்களைப் பற்றிய குறைகளை எழுதுவதும் குழுவின் நம்பிக்கையைக் குலைக்கும்.

நிலைத்திருத்தல்

இத்தகைய குழுக்கள் தொடங்கிய சில மாதங்களில் ஓய்ந்துபோவது உண்டு. ஒருவரே விடை சொல்வதும், மற்றவர் படித்துவிட்டுப் போவதும் இதற்குப் பொதுவான காரணங்கள். விடை பெற்றவர், அதை வகுப்பில் செய்து பார்த்தபின் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுவதை வழக்கமாக்கினால் இது பெரிதும் குறையும். பலிக்காத வழியையும் எழுத வேண்டும். அதே வழியை இன்னொருவர் மேற்கொண்டு காலத்தை இழக்காமல் இருக்க அது உதவும்.

குழு நன்றாக இயங்குகிறதா என்பதை உறுப்பினர் எண்ணிக்கையைக் கொண்டு அறிய முடியாது. கடந்த மாதத்தில் எத்தனை வெவ்வேறு ஆசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், அவர்களில் புதியவர் எத்தனை பேர், எத்தனை விடைகள் வகுப்பறையில் செய்து பார்க்கப்பட்டன என்ற மூன்றையும் எண்ணிப் பார்த்தால் அது விளங்கும்.