உறக்கத்தைக் கெடுத்த பிரேக் கட்டை

ஜெர்மனியின் நடு ரைன் பள்ளத்தாக்கு மலைகளும் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த இடம். 2002ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதன் மேற்பகுதியை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஆனால், அங்கு வாழும் மக்கள் பல ஆண்டுகளாக இரவில் நிம்மதியாக உறங்க முடியாமல் தவித்தனர். ஆற்றின் இரு கரைகளிலும் ரயில் பாதைகள் உள்ளன. சரக்கு ரயில்கள் இரவிலும் ஓய்வின்றி ஓடுகின்றன. பள்ளத்தாக்கு குறுகியது என்பதால், இரைச்சல் மலைச்சரிவுகளில் மோதித் திரும்பி வரும்.

இந்த இரைச்சலுக்கு ரயில் இயந்திரமே காரணம் என்று தோன்றலாம். உண்மையில் பெரும்பகுதி இரைச்சல் சக்கரங்களிலிருந்து எழுகிறது. அதற்கு வித்திடுவது பிரேக் கட்டை. பிரேக் போடாமல் ஓடும்போதும் அந்த இரைச்சல் கேட்கும் என்பதுதான் வியப்பு.

சரக்குப் பெட்டியில் பிரேக் போட்டதும், காற்றழுத்தத்தால் இயங்கும் கட்டை சக்கரத்தின் விளிம்புப் பரப்பை அழுத்துகிறது. தண்டவாளத்தின்மீது உருள்வதும் அதே பரப்புதான். உராய்வினால் ரயிலின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி, வேகம் குறைகிறது. இக்கட்டைகள் நெடுங்காலம் வார்ப்பிரும்பால் செய்யப்பட்டன. அவை விலை மலிவானவை. மழையிலும் நன்கு பிடிக்கக்கூடியவை. எஃகுச் சக்கரத்தைவிடக் கட்டை விரைவாகத் தேயும். அது குறையன்று. தேய்ந்த கட்டையை எளிதில் மாற்றிவிடலாம். சக்கரத்தை மாற்றுவதோ பெரிய வேலை.

ஆனால், வெப்பம் சக்கரப் பரப்பில் ஒரே சீராகப் பரவுவதில்லை. சில இடங்கள் மட்டும் மிகுதியாகச் சூடேறும். அங்கே இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டதாகிவிடும். சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவே இருக்கும். அவ்வளவு சிறிய இடத்தில் பெட்டியின் சுமை அழுத்தும்போது, நுண்ணிய மேடும் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் அதிரச் செய்கிறது. அந்த அதிர்வே இரைச்சலாக ஒலிக்கிறது.

இதற்குத் தீர்வாகப் பல பொருள்களைக் கலந்து செய்த கட்டைகள் வந்தன. அவை சக்கரப் பரப்பைச் சொரசொரப்பாக்குவதில்லை. இரைச்சல் ஏறத்தாழ 10 டெசிபல் குறைகிறது. மனிதக் காதுக்கு அது பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். வீடுகளின் ஓரத்தில் தடுப்புச் சுவர் எழுப்புவதைவிட, இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பது மேலானதல்லவா? சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் 2020ஆம் ஆண்டில், இரைச்சல் மிகுந்த சரக்குப் பெட்டிகளுக்குத் தடை விதித்தன.

ஆயினும், புதிய கட்டைகளில் சிக்கல் இல்லாமல் இல்லை. ‘கே’ வகைக் கட்டையின் உராய்வு வார்ப்பிரும்பின் உராய்விலிருந்து மாறுபட்டது. ஆகவே, பழைய பெட்டியில் அதைப் பொருத்த பிரேக் அமைப்பையே மாற்ற வேண்டும். ‘எல்எல்’ வகைக் கட்டையின் உராய்வோ வார்ப்பிரும்பின் உராய்வை ஒத்தது. எனவே, பழைய கட்டையைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால் போதும், செலவும் குறைவு. ஆனால், இவ்வகைக் கட்டைகள் வார்ப்பிரும்பைப்போல் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. அதனால், சக்கரம் கூடுதலான வெப்பத்தைத் தாங்க வேண்டியுள்ளது. சக்கரத்தின் வடிவமும் விரைவில் தேய்ந்து மாறக்கூடும். வடிவம் கெட்ட சக்கரம் தண்டவாளத்தில் நிலையாக ஓடாது. ஆகவே, ‘எல்எல்’ கட்டை பொருத்திய பெட்டிகளின் சக்கரங்களைப் பணிமனை ஊழியர்கள் அடிக்கடி அளந்து பார்க்கின்றனர். தேய்மானம் எல்லை மீறியிருந்தால், சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி மீண்டும் உரிய வடிவத்திற்குக் கொண்டுவருகின்றனர்.