தூசியை எண்ணும் குட்டிப் பெட்டி

ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கும். அந்தக் கோட்டுக்குள் மட்டும் தூசி மினுமினுவென்று மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோட்டுக்கு வெளியேயும் அதே தூசி உண்டு. ஆனால் வெயில் பட்டு ஒளியைச் சிதறடிக்கும் தூசிதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். இன்று கையில் எடுத்துப்போகும் காற்றுமாசுக் கருவிகள் பலவும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு பெட்டி. உள்ளே கும்மிருட்டு. குட்டி விசிறி காற்றை உள்ளே இழுக்கும். குறுக்கே ஒரு லேசர் கதிர். ஒரு துகள் அதைக் கடந்தால் பளிச்சென்று ஒரு மின்னல்! பக்கத்தில் இருக்கும் ஒளி உணரி அதைக் கண்டு எண்ணிக்கொள்ளும். பெரிய துகள் என்றால் மின்னலும் பெரியது.

நாம் பயப்பட வேண்டியது சின்னத் துகள்களுக்குத்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர். 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உள்ள துகள்கள் மூக்கு முடிக்குத் தப்பி, நுரையீரலின் ஆழம்வரை போய்விடும்.

நகரங்களில் மாசை அளக்கப் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் நாம் மூச்சு விடுவது பள்ளி வாசலில், விறகடுப்பு எரியும் சமையலறையில், போகிப் புகை சூழ்ந்த தெருவில். அங்கெல்லாம் நிலையம் கிடையாது. குட்டிப் பெட்டி வேண்டும் என்பது அதனால்தான்.

இதை வடிவமைப்பவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. மாசைச் சொல்வது எடைக் கணக்கில்: ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று. பெட்டியிடமோ தராசு இல்லை, கண் மட்டும்தான்! மின்னலைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. மார்கழிப் பனியில் அது ஏமாந்தும் போகும். ஈரத்தை உறிஞ்சி ஊதிய துகளைப் பெரிய தூசி என்று எண்ணிவிடும். ஆகவே ஈரப்பதத்தை அளக்கும் உணரியையும் கூடவே வைத்துக் கணக்கைத் திருத்துகிறார்கள். பெரிய நிலையத்தின் பக்கத்திலேயே பல நாள் வைத்து, இரண்டும் ஒரே அளவைச் சொல்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். இப்படிச் சரிபார்க்காத பெட்டி காட்டும் எண்ணை நான் நம்பமாட்டேன்.

சுமார் 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே போனால் இந்தக் குட்டிப் பெட்டிக்கும் கண் தெரியாது. வண்டிப் புகையில் அவ்வளவு சிறிய துகள்கள் ஏராளம். அவற்றையும் பிடிக்கும் கையடக்கக் கருவியை உங்களில் ஒருவர் செய்து காட்டுங்கள்!