முயல் நடந்ததா, ஓடியதா?

சோங் நாட்டில் ஓர் உழவன் இருந்தான். அவன் வயலின் நடுவே ஒரு மரத்தின் அடிக்கட்டை நின்றது. ஒருநாள் எங்கிருந்தோ பாய்ந்து வந்த முயல் அதில் மோதிக் கழுத்து முறிந்து செத்தது. பாடுபடாமல் கிடைத்த கறி! உழவன் கலப்பையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த முயல் வரும் என்று அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். முயல் வரவில்லை. நாடே அவனைப் பார்த்துச் சிரித்தது.

முன்னோர் ஆண்ட முறையிலேயே தாமும் ஆண்டுவிடலாம் என்று நம்பிய அரசர்களைச் சாடுவதற்காக ஹான் ஃபெய் என்ற சீன அறிஞர் எழுதிவைத்த கதை இது. அவர் கி.மு. 233இல் சின் நாட்டுச் சிறையில் இறந்துபோனார். கதை மட்டும் நான்கு அசைகளாகச் சுருங்கி இன்றும் சீனர்களின் பேச்சில் வாழ்கிறது: ‘ஷோவ் ஜூ தாய் தூ’. கட்டையைக் காத்து முயலுக்குக் காத்திருப்பது என்று அர்த்தம். உழைக்காமல் அதிர்ஷ்டத்தை எதிர்பார்ப்பவரைப் பற்றி இப்படிச் சொல்வார்கள்.

சீன–ஆங்கில அகராதிகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வரியோடு முடித்துக்கொள்கின்றன. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. ‘செங்யூ’ எனப்படும் இந்த நான்கெழுத்துத் தொடர்களின் பெரிய அதிசயம் அவை சொல்லும் நீதியில் இல்லை, அவற்றுக்குள் இருக்கும் தனித்தனிச் சொற்களில் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொற்களுக்கு இருந்த பொருள், அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் அழிந்துபோன பிறகும், இந்தத் தொடர்களுக்குள் கெடாமல் கிடக்கிறது.

முயலையே எடுத்துக்கொள்வோம். ஹான் ஃபெய்யின் மூல வாக்கியத்தில் முயலின் செயலைக் குறிக்கும் வினைச்சொல் ‘ட்ஸோ’. இன்றைய பெய்ஜிங் குழந்தைக்குத் தெரிந்த ‘ட்ஸோ’ என்றால் நடப்பது. அந்தப் பொருளில் படித்தால், மெல்ல நடந்து வந்த முயல் கட்டையில் இடித்துக் கழுத்தை முறித்துக்கொண்டது என்றாகும். பழஞ்சீனத்தில் ‘ட்ஸோ’ ஓடுவதைக் குறித்தது. நடப்பதற்கு ‘ஷிங்’ என்று வேறு சொல் இருந்தது. பின்னாளில் ஓட்டத்துக்கு ‘பாவ்’ என்ற சொல் வந்து இடம்பிடிக்க, ‘ட்ஸோ’ வேகம் குறைந்து நடையாகிவிட்டது. தொடரில் கட்டையைக் குறிக்கும் ‘ஜூ’வும் இப்படி மாறியதுதான். இன்று அது செடிகளையும் மரங்களையும் எண்ணும்போது எண்ணோடு சேர்க்கும் சொல். கொரோனா காலத்தில் வைரஸ் வகைகளுக்கும் அதுவே பயன்பட்டது.

‘ட்ஸோ’வின் பழைய வேகம் இன்னொரு செங்யூவில் தெளிவாகத் தெரிகிறது. தாங் பேரரசுக் காலத்துக் கவிஞர் மெங் ஜியாவ், பலமுறை தோற்ற பிறகு கி.பி. 796இல் அரசுத் தேர்வில் தேறினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 45. அந்த மகிழ்ச்சியில் குதிரையேறித் தலைநகரின் பூக்களைப் பார்த்து வந்ததை அவர் பாடினார். அந்தப் பாட்டின் சாயலில் பிறந்தது ‘ட்ஸோ மா குவான் ஹுவா’, அதாவது குதிரையை விரட்டிக்கொண்டே பூப் பார்ப்பது. எதையும் ஆழ்ந்து பார்க்காமல் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போவதை இன்று அப்படிச் சொல்கிறார்கள். கவிஞரின் வாழ்நாள் மகிழ்ச்சி ஒரு குறைச்சொல்லாக முடிந்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் இலக்கணம் படிப்பவருக்கு இதில் ஒரு புதையல் இருக்கிறது. தமிழில் குதிரை ‘ஓடுகிறது’, நாம் அதை ‘ஓட்டுகிறோம்’. ஒரு மெய் இரட்டித்தால் செயலைச் செய்விப்பவர் வந்துவிடுகிறார். பழஞ்சீனத்தில் சொல்லின் உருவம் மாறாது. ‘ட்ஸோ’வுக்குப் பின்னால் ‘மா’ என்ற குதிரையை வைத்தாலே அது ‘ஓட்டு’ என்றாகிவிடும். இன்றைய சீனப் பேச்சில் எல்லா வினைகளையும் அப்படி விருப்பம்போல் கையாள முடியாது.

இந்தப் பழைய பொருள்கள் வெறும் ஊகமல்ல என்று எப்படித் தெரியும்? பழைய நூல்கள் ஒரு சான்று. விளிம்பில் வாழும் மொழிகள் இன்னொரு சான்று. தெற்கே ஃபூஜியன் மாநிலத்திலிருந்து கடல் கடந்து போனவர்களின் மொழியான ஹொக்கியனில் ‘ட்ஸோ’வின் உடன்பிறப்பு இன்றும் ஓடுவதையே குறிக்கிறது. பினாங்கில் தமிழர்களுக்குப் பழக்கமான சீனமொழி அதுதான். சீன எழுத்துகளைக் கடன்வாங்கிய ஜப்பானியத்திலும் அதே எழுத்துக்கு ஓட்டம் என்றே பொருள். நடுவே மொழி புரண்டு மாற, ஓரங்களில் பழையது தங்கிவிட்டது.

‘தாங்’ என்ற சொல் இதைவிடச் சுவையானது. இன்று எந்தச் சீன உணவகத்திலும் ‘தாங்’ என்றால் சூப். ‘ஃபூ தாங் தாவ் ஹுவோ’ என்ற செங்யூவை அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால், ஒருவர் நண்பருக்காகச் சூப்பில் குதித்து நெருப்பை மிதிக்கிறார் என்று வரும். இங்கே ‘தாங்’ கொதிக்கும் நீர். நான்ஜிங் அருகே தாங்ஷான் என்று ஓர் ஊர் இருக்கிறது. ‘ஷான்’ என்றால் மலை. சூப்புக்கும் அந்த ஊருக்கும் தொடர்பில்லை. வெந்நீர் ஊற்றுகளால் வந்த பெயர் அது. ஜப்பானில் பொதுக் குளியல் கூடங்களின் வாசல் திரையில் இதே எழுத்தைப் பார்க்கலாம். அங்கே அதை ‘யு’ என்று வாசிக்கிறார்கள், பொருள் வெந்நீர். குளிக்கப் போகும் சீனப் பயணிக்கு வாசலில் ‘சூப்’ என்று எழுதியிருப்பதுபோல் தோன்றும்.

கதறி அழுவதற்கு ‘தோங் கூ லியூ தீ’ என்பார்கள். அதில் ஒழுகுகிற ‘தீ’ பழைய காலத்தில் கண்ணீர். இன்று அதே எழுத்து மூக்குச் சளியைக் குறிக்கிறது. தூக்கத்தை வெல்லத் தலைமுடியை உத்தரத்தில் கட்டியவரையும் தொடையில் ஊசியால் குத்திக்கொண்டவரையும் சேர்த்துச் சொல்லும் செங்யூ ஒன்றும் உண்டு. தொடையைக் குத்திக்கொண்டவர் சூ சின் என்ற அரசியல் தூதர். அதில் தொடைக்கு வரும் சொல் ‘கூ’. இன்று ஷாங்காயில் அந்த எழுத்தைக் கண்டவுடன் மனதில் வருவது பங்குச்சந்தைப் பங்கு.

எனக்கு எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது ‘ஷி பூ வோ தாய்’. ஷி என்றால் காலம், பூ என்றால் இல்லை, வோ என்றால் நான், தாய் என்றால் காத்திருத்தல். காலம் நமக்காகக் காத்திருக்காது என்பது கருத்து. இன்றைய சீனத்தில் வினை முன்னால் வரும், செயப்படுபொருள் பின்னால் வரும். ‘காத்திருக்காது எனக்காக’ என்பதுதான் வரிசை. இந்தத் தொடரிலோ ‘எனக்காக’ வினைக்கு முன்னால் நிற்கிறது. தமிழ்க் காதுக்கு இது இயல்பாகப் படும், இன்றைய சீனக் காதுக்கு இது விசித்திரம். எதிர்மறை வாக்கியத்தில் ‘நான்’, ‘நீ’ போன்ற சொற்கள் செயப்படுபொருளாக வந்தால் அவை வினைக்கு முன்னே போய்விடும் என்பது பழஞ்சீன இலக்கணம். கன்ஃபூசியஸின் உரையாடல்களைத் தொகுத்த நூலிலும் இந்த அமைப்பு உண்டு. சீனத்தோடு வேர்த்தொடர்பு கொண்ட திபெத்தியம், பர்மியம் போன்ற மொழிகள் வினையைக் கடைசியில் வைப்பவை. ஆகவே இந்த வரிசை கன்ஃபூசியஸுக்கும் வெகு முந்திய ஒரு நிலையின் எச்சமாக இருக்கலாம் என்று கருதும் மொழியியலாளர்கள் இருக்கிறார்கள். எழுத்தே தோன்றாத காலத்துப் பேச்சின் ஒரு துணுக்கு இன்று அலுவலகச் சுவரொட்டியில் ஊக்க வாசகமாகத் தொங்கிக்கொண்டிருக்கலாம் என்று எண்ணும்போது மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

இவ்வளவு காலம் இவை கெடாமல் இருந்ததற்குக் காரணம் வடிவம்தான். நான்கு அசைகளும் இரண்டும் இரண்டுமாகப் பிரிந்து ஒலிக்கும். சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ‘ஷிஜிங்’கின் 305 பாடல்களில் பெரும்பாலானவை இந்த நான்கசை அடியில் அமைந்தவை. ஆறாம் நூற்றாண்டில் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்க எழுந்த நூலும் 1000 எழுத்துகளை நான்கு நான்காக 250 அடிகளில் அடுக்கியது. காதுக்கும் நாவுக்கும் பழகிப்போன அந்தச் சட்டத்தில் ஓர் அசையை மாற்றினாலும் தாளம் கெட்டுவிடும்.

மற்றொரு காரணம் ஒலித் தேய்மானம். பழஞ்சீனத்தில் பெரும்பாலும் ஒவ்வோர் அசையும் தனிச்சொல்லாக நின்று பொருள் தந்தது. காலப்போக்கில் மெய்யொலிகள் உதிர்ந்து, வேறு வேறாக ஒலித்த சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கின. இன்றைய பொதுச் சீனமான மாண்டரினில், குரலின் ஏற்ற இறக்கமான சுரத்தை விட்டுவிட்டால் ஏறத்தாழ 400 அசைகளே உள்ளன. குழப்பத்தைத் தவிர்க்கப் பேச்சு இரண்டசைச் சொற்களுக்கு மாறியது. கண்ணீர் ‘யன்லெய்’ ஆனது, வெந்நீர் ‘ரெஷுவெய்’ ஆனது. செங்யூவுக்கு அந்தத் தேவை எழவில்லை. நான்கும் சேர்ந்தே ஒலிப்பதால் ஒன்றின் பொருளை மற்ற மூன்றும் காவல் காத்தன.

1917இல் ஹூ ஷி என்ற இளம் அறிஞர், எழுத்து பேச்சுமொழிக்கு வரவேண்டும் என்று எட்டு யோசனைகளை வெளியிட்டார். தேய்ந்துபோன தொடர்களையும் பழங்கதைக் குறிப்புகளையும் கைவிட வேண்டும் என்பது அவற்றில் அடங்கும். அதையொட்டி எழுந்த பேச்சுநடை இயக்கம் வென்றது. 1920இல் தொடக்கப் பள்ளிகளுக்குப் பேச்சுநடைப் பாடங்கள் வந்தன. ஈராயிரம் ஆண்டு ஆண்ட இலக்கிய மொழி பின்வாங்கியது. செங்யூ மட்டும் பேச்சுமொழிக்குள் குடிபுகுந்துகொண்டது. ஹூ ஷியின் நோக்கம் முழுதாக நிறைவேறாததில் எனக்கு மகிழ்ச்சி.

2014 நவம்பரில் சீனாவின் ஊடகக் கட்டுப்பாட்டுத் துறை, செங்யூக்களின் எழுத்தை மாற்றிச் சிலேடை செய்யும் விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. அறிவிப்பில் இடம்பெற்ற ஓர் உதாரணம் ‘கெ பூ ரோங் ஹுவான்’. ஒரு ‘கெ’ நேரமும் தாமதிக்க முடியாது என்பது பொருள். அதில் முதல் எழுத்தை, சுரம் தவிர அதேபோல் ஒலிக்கும், இருமலைக் குறிக்கும் எழுத்தாக மாற்றி இருமல் மருந்து விற்றிருந்தார்கள். ‘கெ’ என்பது நீர்க்கடிகாரத்தில் கீறிய ஒரு கோடு. ஒரு நாளுக்கு நூறு கோடுகள், ஆக ஒரு கெ என்பது 14 நிமிடம் 24 விநாடி. 17ஆம் நூற்றாண்டில் நாளை 96 கெ எனப் பிரித்தார்கள். அதனால் அது இன்று சரியாகக் கால்மணி. அந்த நீர்க்கடிகாரங்கள் எப்போதோ ஓய்ந்துவிட்டன, அவற்றின் கோடு மட்டும் இந்தத் தொடரில் தங்கியிருக்கிறது.

ஆனால் தடையோ பள்ளிக்கூடமோ தடுக்க முடியாத மாற்றமும் நடக்கிறது. ‘கோங் ஷுவே லாய் ஃபெங்’ என்பதற்கு, துளை இருப்பதால்தான் காற்று வருகிறது என்று பொருள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சோங் யூ என்ற கவிஞர் எழுதிய, காற்றைப் பற்றிய கவிதையோடு தொடர்புடையது. நெருப்பில்லாமல் புகையாது என்று நாம் சொல்லும் அதே கருத்து. இதில் ‘கோங்’ என்பதை வெறுமை, ஆதாரமின்மை என்று இன்றைய பொருளில் எடுத்துக்கொண்ட தலைமுறைகள் தொடரையே தலைகீழாகத் திருப்பிவிட்டன. பெரும்பாலோர் வாயில் இப்போது அது ஆதாரமில்லாத வதந்தி. இக்கால அகராதிகள் இரண்டு பொருளையும் பதிந்துவைக்கின்றன. ஆகவே ஒரு சீனர் ஏதேனும் ஒரு செய்தியைப் பற்றி இந்த நான்கு அசைகளைச் சொன்னால், அதை அவர் நம்புகிறாரா மறுக்கிறாரா என்று அடுத்த வாக்கியம் வரும்வரை காத்திருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.