வீட்டிலேயே மேக்கப் டெஸ்ட்!

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவி. பெயர் ரேச்சல் செக்லர். வயது 16.

2018-ம் ஆண்டு ஜனவரி மாதம் டுவிட்டரில் ஓர் அறிவிப்பு வந்தது. "வெஸ்ட் சைடு ஸ்டோரி" என்ற பழைய பாட்டுப் படத்தைப் பிரபல டைரக்டர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் மறுபடியும் எடுக்கப் போகிறார், நடிக்க ஆள் தேவை என்பதே அந்த அறிவிப்பு.

ரேச்சல் தான் பாடியதை வீடியோ எடுத்தார். அனுப்பி வைத்தார்.

போட்டிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 30 ஆயிரம் பேருக்கு மேல்!

ஏறக்குறைய ஒரு வருடம் தேர்வுக்கு மேல் தேர்வாக நடந்தது. 2019 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. கதாநாயகி வேடம் ரேச்சலுக்கே! அதுவரை அவர் எந்த சினிமாவிலும் தலை காட்டியதில்லை. 2021 டிசம்பரில் படம் வெளிவந்தது. அடுத்த மாதமே சிறந்த நடிகைக்கான "கோல்டன் குளோப்" பரிசும் அவருக்குக் கிடைத்தது.

சிபாரிசுக் கடிதம் இல்லை. ஸ்டூடியோ வாசலில் காத்து நிற்கவில்லை. முதல் படி அந்த வீடியோதான்.

அந்தக் காலத்து டெஸ்ட்

முன்பெல்லாம் இது நடக்கிற காரியமா? கோடம்பாக்கத்தில் அதற்கு "மேக்கப் டெஸ்ட்" என்று பெயர். முகத்தில் பவுடர் பூசி, விளக்குகளுக்கு நடுவே நிறுத்தி, பிலிம் ஓட்டிப் பார்ப்பார்கள். பிலிம் விலை அதிகம். எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்காது.

அப்படி எடுக்கப்பட்ட டெஸ்டுகளில் ஒன்று உலகப் புகழ் பெற்றது.

1951-ம் ஆண்டு செப்டம்பர். லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள பைன்வுட் ஸ்டூடியோ. ஆட்ரி ஹெப்பர்ன் என்ற 22 வயதுப் பெண் டெஸ்டுக்கு வந்திருந்தார். "ரோமன் ஹாலிடே" என்ற படத்தில் இளவரசி வேடம். டைரக்டர் வில்லியம் வைலர் அன்று அங்கே இல்லை. ஆனால் ஒரு தந்திரம் செய்திருந்தார். "நடிப்பு முடிந்த பிறகும் காமிராவை நிறுத்தாதீர்கள்" என்று டெஸ்ட் எடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

காட்சி முடிந்தது. இனி படம் பிடிக்கமாட்டார்கள் என்று நினைத்தார் ஆட்ரி. உடம்பில் இருந்த விறைப்பு போய்விட்டது. சிரித்தார், பேசினார். காமிரா ஓடிக்கொண்டே இருந்தது!

வைலருக்கு வேண்டியிருந்தது அந்தச் சிரிப்புத்தான். ஆட்ரிக்கு வேடம் கிடைத்தது. 1953-ல் படம் வெளிவந்தது. மறுவருடம் ஆஸ்கார் பரிசு வாங்கினார்.

டெஸ்ட் எடுப்பவர்கள் தேடுவது இதைத்தான். அழகான போட்டோ அல்ல, ஆள்! இது தெரியாமல்தான் பலர் வீடியோ எடுக்கும்போது பின்னணி இசை சேர்க்கிறார்கள், முகத்தை வெள்ளையாக்கும் "பில்டர்" போடுகிறார்கள். தாங்களே தங்களை மறைத்துக் கொள்கிறார்கள், பாவம்.

ஜன்னல் போதும்

2020-ல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, வீடியோ மூலம் ஆள் தேர்ந்தெடுக்கும் பழக்கம் உலகம் முழுவதும் வேகமாகப் பரவிற்று. கொரோனா போனது. பழக்கம் நின்றுவிடவில்லை. சினிமாவோ, டெலிவிஷன் தொடரோ, விளம்பரப் படமோ, "வசனத்தைப் பேசி வீடியோ அனுப்புங்கள்" என்று கேட்பது சகஜமாகிவிட்டது.

இதற்கு ஸ்டூடியோ வேண்டாம். வீட்டில் உள்ள செல்போன் போதும். ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்கக்கூடாது. ஸ்டாண்டு இல்லையா? மேஜை மேல் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைக்கலாம். நடிப்பவரின் கண் உயரத்துக்குக் காமிரா இருக்கவேண்டும். கீழே இருந்து எடுத்தால் மூக்குத் துவாரம்தான் முதலில் தெரியும்! வேறு மாதிரி கேட்டிருந்தாலொழிய, போனைப் படுக்கைவசமாக வைத்து, மார்பிலிருந்து தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எடுப்பது வழக்கம். போனின் பின்பக்கக் காமிராவில் படம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

வெளிச்சத்துக்கு ஜன்னலே போதும். ஜன்னலைப் பார்த்து நிற்கவேண்டும். முதுகைக் காட்டி நின்றால் முகம் கறுப்பாகி, யார் என்றே தெரியாது. பின்னால் வெறும் சுவர் இருப்பது நல்லது. காலண்டர், துணிக்கொடி, பீரோ எதுவும் வேண்டாம். சட்டையோ சேலையோ சுவரின் நிறத்திலேயே இருக்கக்கூடாது. பொடிக் கோடு போட்ட துணி காமிராவில் நெளிவதுபோலத் தோன்றும்.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்த்துவிடுவார்கள். வசனம் காதில் விழாவிட்டால் உடனே அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். மின்விசிறியை நிறுத்தவேண்டும். அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கும் நேரம் வேண்டாம். காலி அறையில் பேசினால் குரல் எதிரொலிக்கும். கட்டில், மெத்தை, துணிமணி உள்ள அறையில் எதிரொலி அடங்கிவிடும்.

எதிர் வசனம் பேச ஒருவர் வேண்டும். அக்காளோ தம்பியோ பேசலாம். அவர் காமிராவை ஒட்டி நிற்கவேண்டும். நடிப்பவர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும், காமிராவை அல்ல. எதிர் வசனம் பேசுகிறவர் போனுக்குப் பக்கத்தில் நிற்பதால் மெதுவாகப் பேசினால் போதும். சில வீடுகளில் வேடம் கேட்டுப் போட்டியிடுவது தம்பி. நடித்துத் தள்ளுவது அக்காள்!

பெயர், ஊர், உயரம் சொல்லும்போது மட்டும் காமிராவை நேராகப் பார்க்கவேண்டும். பிறகு இடது பக்கமும் வலது பக்கமும் திரும்பிக் காட்டச் சொல்வதுண்டு. கேட்டதைக் கேட்டபடி செய்யவேண்டும். ஒரு நிமிடம் கேட்டால் ஒரு நிமிடம்தான். நான்கு நிமிடம் அனுப்பினால் முழுவதும் பார்ப்பார்கள் என்று நிச்சயம் இல்லை.

நாய்க்குட்டியை நினைத்து அழுத பையன்

இதையெல்லாம் அரை மணி நேரத்தில் சரி செய்துவிடலாம். நடிப்பு?

ஸ்பீல்பெர்க் டைரக்ட் செய்து 1982-ல் வெளிவந்த படம் "ஈ.டி." வேறு உலகத்திலிருந்து வந்த ஒரு ஜீவனுக்கும் ஒரு சிறுவனுக்கும் உள்ள சிநேகிதம்தான் கதை. அந்தச் சிறுவன் வேடத்துக்குத் தேர்வுக்கு வந்தவன் ஹென்றி தாமஸ். "உன் நண்பனை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். நீ விடக்கூடாது" என்று மட்டும் காட்சியை விளக்கினார்கள்.

இறந்துபோன ஒரு நாயை அவன் நினைத்துக் கொண்டான். கண்களில் நீர் மாலை மாலையாக வழிந்தது. வேடம் அவனுக்கே என்று ஸ்பீல்பெர்க் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்.

அந்தத் தேர்வு வீடியோ இன்றும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் கண் கலங்காமல் இருப்பது கஷ்டம். அதில் மேக்கப்பும் இல்லை, மாளிகையும் இல்லை.

வசனத்தைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்தால் போதாது. யாரிடம் பேசுகிறோம், என்ன கேட்கிறோம் என்பது மனதில் பதியவேண்டும். ஒரே காட்சியை இருபது தடவை எடுப்பதில் பயன் இல்லை. ஐந்தாறு தடவைக்கு மேல் முகத்தில் களைப்புத்தான் தெரியும். கோபமாக ஒன்று, கோபத்தை அடக்கிக்கொண்டு ஒன்று என்று இரண்டு விதமாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

நடிகர்களின் குறை

வீடியோ முறையில் சுகம் மட்டும்தானா? இல்லை. செலவும் வேலையும் நடிகர்கள் தலையில் விழுந்துவிட்டன. நாளைக்கே வேண்டும் என்று பக்கம் பக்கமாக வசனம் அனுப்புகிறார்கள் என்று அமெரிக்க நடிகர்கள் குறை கூறினார்கள். 2023-ம் ஆண்டு ஜூலை முதல் நவம்பர் வரை 118 நாள் அவர்களுடைய சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது இதுவும் ஒரு பிரச்னை. முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி வீடியோவுக்கு 48 மணி நேரமாவது கொடுக்கவேண்டும். முதல் தேர்வுக்கு 8 பக்கத்துக்கு மேல் வசனம் அனுப்பக்கூடாது.

நம் ஊரில் பெற்றோர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. "உங்கள் மகளின் வீடியோ பிடித்திருக்கிறது. அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். பதிவுக் கட்டணம், போட்டோ ஆல்பம், சங்க அட்டைக்கு உடனே பணம் அனுப்புங்கள்" என்று போன் வரும். படக்கம்பெனி நடிகருக்குத்தான் பணம் கொடுக்கும். நடிகரிடம் வாங்காது. தாலியை அடகு வைத்துப் பணம் கட்டினால், கட்டின மறுநாளே அந்த நம்பர் அணைந்துபோகும்.

ஆபாசமான உடையில் வீடியோ எடுத்து அனுப்பும்படி கேட்பவர்களும் உண்டு. நடிப்புத் தேர்வுக்கு அது தேவையே இல்லை. அந்த வீடியோவை வைத்துப் பின்னால் மிரட்டுவார்கள். வீட்டு விலாசம், ஆதார் எண், பாங்கிக் கணக்கு ஆகியவற்றையும் வீடியோவோடு அனுப்பக்கூடாது. கம்பெனி உண்மையில் இருக்கிறதா, அந்தப் படத்தை எடுக்கிறதா என்று முதலில் விசாரிக்கவேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை நேரில் வரச் சொன்னால் தாயோ தகப்பனோ கூடவே போகவேண்டும்.

பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்கக் கூடாது. சைபர் குற்றப் போலீசின் டெலிபோன் எண் 1930. உடனே சொன்னால் அந்தப் பணம் கைமாறுவதற்குள் பாங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு.