பத்து வோன் பொட்டலமும் படைமுகாம் பேக்கனும்

1960களின் தொடக்கத்தில் சியோலின் நம்தேமுன் சந்தையில், ஐந்து வோன் கொடுத்து ஒரு கிண்ணம் கஞ்சி வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். அமெரிக்கப் படைமுகாம்களின் சமையற்கட்டில் மிஞ்சியதையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கொதிக்க வைத்த கஞ்சி அது. ஹாம், சாசேஜ், பேக்கன் என எது அகப்பட்டதோ அது உள்ளே கிடக்கும். கொரியர்கள் அதைப் பன்றிக் கஞ்சி என்றே அழைத்தார்கள். கொரியப் போர் முடிந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகியும் தீராத பசி.

அந்த வரிசையைக் கண்டு மனம் பொறுக்காமல்தான் ஜோன் ஜுங்-யுன் நூடுல்ஸ் தொழிலில் இறங்கினார் என்று அவர் தொடங்கிய சம்யாங் நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. ஜப்பானின் ம்யோஜோ நிறுவனத்திடம் தொழில்நுட்பம் பெற்று, 1963 செப்டம்பரில் கொரியாவின் முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸை அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பொட்டலம் பத்து வோன்.

அதே காலத்தில் சியோலுக்கு வடக்கே, முகாம்கள் சூழ்ந்த உய்ஜொங்பு நகரில், ஹோ கி-சுக் என்ற பெண்மணி மீன் அடை விற்றுக்கொண்டிருந்தார். முகாமில் வேலை பார்த்தவர்கள் ஹாம், சாசேஜ், பேக்கன் ஆகியவற்றை மறைத்து எடுத்துவந்து சமைத்துத் தரச் சொன்னார்கள். முதலில் வெறுமனே வதக்கிக் கொடுத்தவர், பிறகு கிம்ச்சி ஊறுகாயும் கோச்சுஜாங் மிளகாய் விழுதும் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் குழம்பாக்கினார். படைமுகாம் குழம்பு என்று பொருள்படும் புடே ஜிகே அப்படித்தான் பேர் பெற்றது. முகாம் இறைச்சியை வெளியே விற்பது அன்று சட்டவிரோதம். அதிகாரிகள் வந்து பறிமுதல் செய்ததும் உண்டு. நூடுல்ஸ் பின்னால் வந்து இந்தச் சட்டியில் சேர்ந்தது. இன்று அது இல்லாத புடே ஜிகே அரிது.

இந்தக் குழம்பைக் கிழக்கும் மேற்கும் கைகோத்த விருந்து என்று சிலர் கொண்டாடும்போது எனக்கு உறுத்துகிறது. விரும்பிச் சேர்த்தவை அல்ல இவை. கிடைத்ததை வைத்து வீட்டாரின் வயிற்றை நிறைக்க வேண்டியிருந்த பெண்களின் கைத்திறன் இது. அதற்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும்.

அந்தக் கைகளுக்கு எட்டிய சுவைக்கு அறிவியலும் காரணம் சொல்கிறது. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913-இல் ஷின்டாரோ கொடாமா உலர்ந்த மீனில் இனோசினேட்டைக் கண்டறிந்தார். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் தனித்தனிச் சுவைகளின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு அதிகமாக நாவில் தெரியும் என்பதை அகிரா குனினாக்கா பின்னர் காட்டினார். நூடுல்ஸ் தூளில் குளுட்டமேட் நிறைய உண்டு. இனோசினேட்டைப் பன்றியிறைச்சி கொண்டுவருகிறது. அதோடு பேக்கனின் புகை மணம் கொழுப்பில் கரைந்து சாறு முழுக்கப் பரவுகிறது. நம் தாளிப்பில் எண்ணெய் செய்யும் வேலைதான்.

ஆகவே இதை வீட்டில் செய்யும்போது பேக்கனை நேரே கொதிநீரில் போட வேண்டாம், சவசவவென்று ஆகிவிடும். சூடேறாத வாணலியில் பரப்பி, சிறுதீயில் கொழுப்பு உருகி வரும்வரை விட்டு, மொறுமொறுப்பானதும் எடுத்துத் தனியே வையுங்கள். அந்தக் கொழுப்பிலேயே பூண்டும் வெங்காயமும் வதக்கி, கிம்ச்சி இருந்தால் அதையும் புரட்டி, தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்ததும் நூடுல்ஸும் அதன் தூளும். பேக்கன் கடைசியில், கிண்ணத்தில் பரிமாறிய பிறகு.

தூளில் பாதி போதும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறைவான சோடியம் போதும் என்கிறது. கொரிய நூடுல்ஸ் சிலவற்றில் ஒரு பொட்டலமே அந்த அளவை நெருங்கிவிடும். பேக்கனோ உப்பிலேயே ஊறியது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியிருக்கிறது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணக்கு. இதைத் தினசரி உணவாக்காமல், எப்போதாவது ஒரு நாள், இரண்டு பேர் பகிர்ந்து உண்ணும் கிண்ணமாக வைத்துக்கொள்ளலாம்.