பயனர்கள் புலம்பும் சாஃப்ட்வேர், முதலீட்டாளர்கள் கொண்டாடிய பங்கு: எஸ்ஏபி-க்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஆபீஸில் எஸ்ஏபி பயன்படுத்துகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். ‘சூப்பரா இருக்கு’ என்று சொல்பவர்கள் குறைவு. ஒரு பில்லைப் பதிவு செய்ய எத்தனை திரை, எத்தனை டி-கோடு என்ற புலம்பல்தான் முதலில் வரும்.

அதே எஸ்ஏபி-தான் 2025 மார்ச்சில் ஐரோப்பாவிலேயே அதிக சந்தை மதிப்புள்ள நிறுவனமாக ஆனது. அதுவரை அந்த இடத்தில் இருந்தது டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க். உடல் எடையைக் குறைக்கும் ஊசியால் உலகப் புகழ் பெற்ற மருந்து நிறுவனத்தை, கணக்கெழுதும் சாஃப்ட்வேர் விற்கிற ஒரு ஜெர்மன் நிறுவனம் முந்தியது. 2022 செப்டம்பரில் 80 யூரோவை ஒட்டிக் கிடந்த எஸ்ஏபி பங்கு, 2025 தொடக்கத்தில் 270 யூரோவைத் தாண்டியிருந்தது. இரண்டரை ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல்.

பயனர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு பொருள் முதலீட்டாளர்களுக்கு எப்படி இவ்வளவு பிடித்தது? ஒரே வரியில் சொன்னால், அதை வாங்கியவர்களால் லேசில் விட்டுவிட்டுப் போக முடியாது. பங்கு விலை ஏறியதற்கும், அண்மையில் இறங்கியதற்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான்.

உள்ளே போனால் வெளியே வருவது கஷ்டம்

1972-ல் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் தொடங்கியது எஸ்ஏபி. ஹாசோ பிளாட்னர், டீட்மார் ஹோப் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். முதல் வாடிக்கையாளர், ஐசிஐ நிறுவனத்தின் நைலான் ஆலை. சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாததால், அந்த ஆலையின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, பெரும்பாலும் இரவிலும் வார இறுதியிலும் புரோகிராம் எழுதினார்கள்.

அவர்கள் உருவாக்கியதைத்தான் இன்று ‘இஆர்பி’ என்கிறோம். ஒரு ஆர்டர் வந்தால் கிடங்கில் இருப்பு குறைய வேண்டும். மூலப்பொருள் போதவில்லை என்றால் கொள்முதலுக்குத் தகவல் போக வேண்டும். சரக்கு வெளியேறினால் பில் உருவாக வேண்டும், வரி கணக்கிடப்பட வேண்டும், பேரேட்டில் பதிவாக வேண்டும். துறைக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, எல்லாம் ஒரே தரவுத்தளத்தில். கார் ஆலை முதல் பீர் ஆலை வரை உலகின் பெரும் நிறுவனங்கள் பலவற்றில் சம்பளம், சரக்கு, கணக்கு எல்லாம் இதன் வழியாகத்தான் ஓடுகின்றன.

வாங்கிய நிறுவனம் சும்மா இருக்காது. தன் பழக்கத்துக்கு ஏற்ப அதில் சொந்தமாக புரோகிராம்களை எழுதிச் சேர்க்கும். எஸ்ஏபி வேலையில் இருப்பவர்களுக்கு இவை ‘இசட் புரோகிராம்’ என்றால் உடனே புரியும். வாடிக்கையாளர் எழுதுபவற்றின் பெயர் இசட் அல்லது ஒய் எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. இருபது வருடம் ஓடிய ஒரு நிறுவனத்தில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். எதை நீக்கினால் எது நிற்கும் என்பது பல நேரங்களில் யாருக்குமே தெரியாது.

அதன் வயதைக் காட்டும் தடயங்களும் உள்ளே கிடக்கின்றன. சென்னையிலோ பெங்களூருவிலோ அபாப் எழுதுகிற இளைஞர் தினமும் தட்டும் ‘புக்ரஸ்’ என்ற புலம், ‘பூஹுங்ஸ்கிரைஸ்’ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். அரை நூற்றாண்டுக் கதை அந்தச் சுருக்கெழுத்தில் இருக்கிறது. (ஜெர்மனிக்கு வெளியே எஸ்ஏபி-யின் மிகப் பெரிய ஆய்வு மையம் இருப்பது பெங்களூருவில்தான்.)

இதை மாற்றுவது, கல்யாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே சமையலறையை இடித்துக் கட்டுவது மாதிரி. ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் குழுமத்தைக் கேட்டால் தெரியும். பழைய முறையிலிருந்து எஸ்ஏபி-க்கு மாற ஏழு ஆண்டுகள் முயன்று, 2018-ல் திட்டத்தையே கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று ஜெர்மன் ஊடகங்கள் எழுதின. சரக்கின் மதிப்பைக் கொள்முதல் விலையில் கணக்கிடுவது லிடிலின் வழக்கம். விற்பனை விலையில் கணக்கிடுவது எஸ்ஏபி-யின் வழக்கம். யாரும் இறங்கி வரவில்லை என்பது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். உள்ளே வருவதே இவ்வளவு பாடு என்றால், வெளியேறுவதை எந்த நிதித் தலைவர் துணிந்து கையில் எடுப்பார்?

முதலீட்டாளர்களுக்கு இது காதில் தேன். வாடிக்கையாளர் ஓடிப்போக மாட்டார் என்றால் வருமானமும் ஓடாது.

விற்பனை போய் வாடகை வந்தது

ஆனால் இந்தப் பிடி எஸ்ஏபி-யிடம் பல ஆண்டுகளாகவே இருந்தது. பிறகு ஏன் 2022-க்குப் பிறகு மட்டும் இந்த ஏற்றம்? பதில் 2020-ல் இருக்கிறது.

அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று எஸ்ஏபி பங்கு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. 3,000 கோடி யூரோவுக்கும் அதிகமான சந்தை மதிப்பு காணாமல் போனது. அப்போது 40 வயதான தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ்டியன் கிளைன், ‘வாடிக்கையாளர்களை வேகமாக கிளவுடுக்கு மாற்றப்போகிறோம், அதனால் முன்பு சொன்ன லாப இலக்கு எட்டாது’ என்று அறிவித்ததுதான் காரணம்.

கிளவுடுக்கு மாறினால் லாபம் ஏன் குறைய வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு போடலாம். பழைய முறையில் லைசென்ஸை 100 ரூபாய்க்கு விற்பார்கள். அதற்குமேல் பராமரிப்புக் கட்டணமாக வருடத்துக்கு 22 ரூபாய். எஸ்ஏபி வழக்கமாக வசூலிப்பது லைசென்ஸ் மதிப்பில் சுமார் 22 சதவீதம். முதல் வருடமே 122 ரூபாய் கைக்கு வந்துவிடும். அதே சாஃப்ட்வேரை கிளவுடில் வருடம் 40 ரூபாய் சந்தாவுக்குக் கொடுத்தால் முதல் வருடம் கிடைப்பது 40 மட்டுமே. ஐந்து வருடம் முடிந்தாலும் பழைய முறை 210, புதியது 200. ஆறாவது வருடத்தில்தான் சந்தா முந்துகிறது. அதன்பின் இடைவெளி விரிந்துகொண்டே போகும். 40 ரூபாய் நமது உதாரணம்தான். ஆனால் முதலில் பள்ளம், பிறகு மேடு என்ற வடிவம் நிஜம். 2020-ல் சந்தை பார்த்தது பள்ளத்தை.

எல்லோரும் விற்றபோது ஒருவர் வாங்கினார். நிறுவனர் பிளாட்னர் சுமார் 25 கோடி யூரோவுக்குப் பங்குகளைச் சேர்த்துக்கொண்டார். மேட்டை அவர் பார்த்தார் போலிருக்கிறது.

ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர்களிடம் இந்தக் கணக்கு இன்னும் இனிப்பு. லைசென்ஸ் பணத்தை அவர்கள் எப்போதோ கட்டிவிட்டார்கள். இப்போது வருவது வருடம் 22 ரூபாய் பராமரிப்புதான். அவர்கள் கிளவுடுக்கு வந்தால் அந்த 22, இரண்டு முதல் மூன்று மடங்காகும் என்று எஸ்ஏபி தரப்பே முதலீட்டாளர்களிடம் சொல்லி வந்திருக்கிறது. இது முழுக்க லாபம் இல்லை. சர்வர் செலவு, இயக்கும் வேலை எல்லாம் இனி எஸ்ஏபி தலையில். இருந்தாலும் புதிய வாடிக்கையாளரைத் தேடி அலையாமலே வருமானம் பெருகும் வழி இது.

தள்ளிவிட ஒரு கெடுவும் இருக்கிறது. பழைய இசிசி பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை இழுக்கலாம்.

சந்தை எதைப் பார்த்து மயங்கியது?

2024-ல் எஸ்ஏபி-யின் மொத்த வருமானம் சுமார் 3,418 கோடி யூரோ. அதில் பாதி, சுமார் 1,714 கோடி, கிளவுடிலிருந்து வந்தது. முதலீட்டாளர்கள் அதைவிட ஆவலாகப் பார்த்தது இன்னொரு எண்ணை: ‘கரன்ட் கிளவுட் பேக்லாக்’. கையெழுத்தாகிவிட்ட ஒப்பந்தங்களிலிருந்து அடுத்த 12 மாதங்களில் வரப்போகிற கிளவுட் வருமானம் இது. 2024 இறுதியில் சுமார் 1,810 கோடி யூரோ. அதாவது 2025 பிறப்பதற்கு முன்பே, முந்தைய முழு ஆண்டின் கிளவுட் வருமானத்தைவிட அதிகமான தொகை உறுதியாகியிருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு வங்கி கடன் தரத் தயங்காது இல்லையா, அந்த மனநிலைதான். நாளை வரும் பணம் கண்ணுக்குத் தெரிந்தால் இன்று கூடுதல் விலை கொடுக்கத் தயார்.

வேறு காரணங்களும் உண்டு. 2024 ஜனவரியில் சுமார் 8,000 பணியிடங்களைத் தொடும் மறுசீரமைப்பை அறிவித்தார்கள். பிறகு அந்த எண்ணிக்கை 9,000 முதல் 10,000 வரை போனது. ஊழியர்களுக்குக் கலக்கம், சந்தைக்கு உற்சாகம். பங்குச் சந்தையின் இந்தச் சுபாவம் புதிதல்ல. அடுத்து, ஐரோப்பாவில் இந்த அளவு பெரிய டெக் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல்-ஐ விட்டால் எஸ்ஏபி. டெக் பங்கு வேண்டும் என்கிற ஐரோப்பிய ஃபண்டுகளுக்கு வேறு போக்கிடம் குறைவு.

பிடி இறுகினால்

வாடிக்கையாளர் பக்கம் போனால் இதே கதை வேறு மாதிரி கேட்கிறது. அவர்கள் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு இனி காலமெல்லாம் வாடகை. 2023-ல், புதிய ஏஐ வசதிகள் கிளவுடுக்கு வந்தவர்களுக்கு மட்டுமே என்று எஸ்ஏபி சொன்னபோது, ஜெர்மன் மொழிப் பயனர்களின் சங்கமான டிஎஸ்ஏஜி வெளிப்படையாகவே எதிர்த்தது. சொந்த சர்வரில் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதிய பதிப்புக்கு மாறியவர்களும் ஒதுக்கப்படுகிறார்களே என்பது அவர்களின் கோபம். நியாயமான கோபம்தான்.

2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. சொந்த சர்வர் வாடிக்கையாளர்கள் பராமரிப்பை வேறு நிறுவனத்திடம் கொடுப்பதை எஸ்ஏபி தடுக்கிறதா, விலகிப்போய்த் திரும்பி வருபவர்களிடம் விடுபட்ட காலத்துக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறதா என்பவை அதன் கேள்விகளில் சில. தன் நடைமுறைகள் விதிகளுக்கு உட்பட்டவை என்பது எஸ்ஏபி-யின் பதில்.

ஐரோப்பாவின் முதலிடமும் நிலைக்கவில்லை. அதைவிடப் பெரிய அடி 2026 ஜனவரி இறுதியில் விழுந்தது. அந்த முறை பேக்லாக் சுமார் 25 சதவீதம் வளர்ந்திருந்தது. எந்தத் தொழிலிலும் கைதட்டல் வாங்கும் எண் அது. ஆனால் சந்தை இன்னும் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்த்திருந்தது; பங்கு ஒரே நாளில் சுமார் 15 சதவீதம் சரிந்தது. உறுதிக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர்கள், அந்த உறுதியில் ஒரு கீறல் தெரிந்தாலும் முதலில் ஓடுவார்கள்.

ஏஐ பற்றிய பயமும் இதில் கலந்திருக்கிறது. மனிதர்கள் திரையில் தட்டுகிற வேலையை ஏஐ ஏஜென்ட் செய்துவிட்டால், ஆளுக்கு இத்தனை என்று கட்டணம் வாங்கும் சாஃப்ட்வேர் நிறுவனங்கள் என்ன செய்யும் என்ற கேள்வி அந்தத் துறையையே ஆட்டுகிறது. ஆடிட்டர் ஒப்புக்கொள்ளும் கணக்கு எங்காவது ஓரிடத்தில் இருந்துதானே ஆக வேண்டும், அந்த இடம் நாங்கள் என்பது எஸ்ஏபி ஆதரவாளர்களின் வாதம். எதிர்த்தரப்போ, திரையே தேவையில்லாமல் போனால் இத்தனை வருடமாக வாடிக்கையாளரைக் கட்டிப்போட்ட பழக்கமும் தளரும் என்கிறது. பழைய இசட் புரோகிராம்களைப் படித்துப் புரிந்துகொள்ள ஏஐ உதவினால் இடமாற்றம் சுலபமாகும். எஸ்ஏபி-யின் கிளவுடுக்கு வருவதும் சுலபமாகும், போட்டியாளரிடம் போவதும் சுலபமாகும்.

எஸ்ஏபி பங்கு பிராங்பர்ட்டிலும் நியூயார்க்கிலும் வர்த்தகமாகிறது. அடுத்த காலாண்டு முடிவு வெளியாகும்போது செய்தித் தலைப்பில் லாப எண்தான் பெரிதாக இருக்கும். அதைத் தாண்டி, கரன்ட் கிளவுட் பேக்லாக் எத்தனை சதவீதம் வளர்ந்தது என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அன்றைக்குப் பங்கு எந்தப் பக்கம் போகும் என்பதை அதுதான் பெரும்பாலும் சொல்லும்.